வஹாகாவின் ரொட்டி – கடிதம்

அன்புள்ள அக்கா,

கல்லூரி நண்பர்கள் நாலு பேர், முதுகுப்பையோடு மெக்சிகோவின் வஹாகா மாநிலத்தில் 12 நாள் சுற்றினோம். மொந்தே அல்பான், மித்லா என்ற பழைய ஊர்களின் இடிபாடுகள், அப்புறம் கடற்கரை. ஏழாம் நாள் பணக்கணக்கில் தொடங்கிய சண்டை, ஊர் திரும்பியும் ஓயவில்லை. இப்போது யாரும் யாரோடும் பேசுவதில்லை. சாப்பாடும் ஒத்துக்கொள்ளவில்லை. எங்கே போனாலும் சப்பென்று அதே சோள ரொட்டி. கொண்டுபோன நூடுல்ஸை வைத்துத்தான் ஒப்பேற்றினோம். நெருங்கிய நண்பர்களோடு நீண்ட பயணம் போவதே தப்பா?

எஸ்.

அன்புள்ள தம்பி,

தப்பில்லை. நாலு பேர் ஒரே அறையில் 12 நாள் படுத்தெழுந்தால் சண்டை வரத்தான் செய்யும். பணத்தை யார் யாருக்குத் தரவேண்டும் என்பதெல்லாம் ஒரு மணி நேரத்து வேலை. நீங்களே முதலில் கூப்பிடுங்கள்.

ஆனால் அந்த ரொட்டியைச் சப்பென்று எழுதினீர்களே, அதுதான் பொறுக்கவில்லை. ஒரு மாதமாக வீட்டில் மக்காச்சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து, சரியாக வராமல் மறுபடி மறுபடி செய்துகொண்டிருக்கிறேன். அந்த நேரத்தில் உங்கள் கடிதம் வருகிறது.

நானும் இரண்டு தோழிகளும் வஹாகாவின் வடக்கு மலைத்தொடரில் சில நாள் நடந்தோம். மூவாயிரம் மீட்டருக்கு மேலே, பைன் காட்டுக்குள், சபோதெக் மக்களின் கிராமங்கள். (நாம் தின்னும் சப்போட்டாவும் இந்த மக்களின் பெயரும் நாவாட்டில் என்ற பழைய மெக்சிகோ மொழியின் ஒரே சொல்லிலிருந்து வந்தவை.) தங்கும் குடில்களை ஊரே சேர்ந்து நடத்துகிறது. ஒருநாள் விடியுமுன் குளிர் தாங்காமல் அடுப்படிக்குப் போய் நின்றேன்.

அங்கே ஒரு அம்மா, முந்தின இரவு சுண்ணாம்பில் வேகவைத்து ஊறப்போட்ட மக்காச்சோளத்தைக் கழுவிக்கொண்டிருந்தார். இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே வைத்துத் தேய்க்கத் தேய்க்க, மேல்தோல் மஞ்சளாக, வழவழவென்று கழன்று வந்தது. வெள்ளையடித்த சுவரில் மழை பட்டால் எழும் வாசனை. அப்புறம் மெத்தாதே என்ற கல்லில் அரைத்தார். நம் அம்மி மாதிரிதான், ஆனால் மூன்று கால் வைத்து முன்பக்கம் சரிந்திருக்கும். பின்னால் மண்டியிட்டு உட்கார்ந்து, உடம்பின் எடையையே தள்ளி அரைக்கவேண்டும். தட்டிப் போட்டது மண்சட்டியில். மாவு ஒட்டாமலிருக்க அதன்மேலும் சுண்ணாம்பு பூசியிருந்தது. திருப்பிப் போட்டதும் ரொட்டி உப்பி எழுந்தது. உப்பு மட்டும் தூவிக் கையில் கொடுத்தார். அதைச் சப்பென்று சொல்ல ஒருவருக்கு எப்படி மனம் வரும்?

அந்தச் சுண்ணாம்பு ருசிக்கு மட்டும் போடுவதில்லை, தம்பி. மக்காச்சோளத்தில் இருக்கும் நயாசின் என்ற விட்டமின் நம் உடம்புக்குக் கிடைக்காதபடி கட்டுண்டு கிடக்கும். சுண்ணாம்பில் வெந்தால்தான் அது விடுபடும். ஸ்பானியர்கள் தானியத்தை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார்கள், இந்தப் பக்குவத்தைக் கொண்டுபோகவில்லை. வட இத்தாலியில் வேறு உணவுக்கு வழியில்லாமல் அதையே தின்ற ஏழைகளுக்கு, நயாசின் குறைவால் வரும் பெல்லாக்ரா என்ற நோய் வந்தது. தோல் வெடித்து, புத்தி பேதலித்துச் செத்தார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தென்மாநிலங்களிலும் இதே கதை. மூன்று வேளையும் அதையே உண்ட மெக்சிகோ கிராமங்களில் அந்த நோய் அபூர்வம். விட்டமின் என்ற சொல் பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே அந்த அடுப்படிகளில் இந்த வழி தெரிந்திருக்கிறது.

மித்லாவுக்குப் போனோம் என்கிறீர்கள். அதற்குப் பக்கத்திலேயே கீலா நாக்கித்ஸ் குகை இருக்கிறது. அங்கே கிடைத்த மக்காச்சோளக் கதிர்களுக்கு வயது சுமார் 6,250 ஆண்டுகள். கட்டைவிரல் நீளம்கூட இல்லாத கதிர்கள். அதை இன்றைய கதிராக வளர்த்தெடுத்தவர்களின் வாசலில் உட்கார்ந்துகொண்டு, பாக்கெட்டைக் கிழித்து வெந்நீர் ஊற்றியிருக்கிறீர்கள். எனக்கு வருத்தமாக இருக்கிறது.

நகரத்துக் கடைகளில் பாக்கெட் மாவில் சுட்ட ரொட்டியும் உண்டு. உங்களுக்கு வாய்த்தது அதுவாக இருந்தால் உங்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனாலும் 12 நாளில் ஒருநாள் காலை சந்தைக்குப் போயிருக்கலாம். கூடையில் துணி சுற்றிச் சூடாக வைத்துக்கொண்டு பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள்.

சரி, நண்பர்களைக் கூப்பிடும்போது கணக்கைப் பிறகு பேசுங்கள். முதலில் இந்த ரொட்டியைப் பற்றிக் கேளுங்கள். நாலு பேரில் ஒருவனாவது உங்களுக்குத் தெரியாமல் தெருவோரம் நின்று அதைத் தின்றிருப்பான். அவன் என்ன சொன்னான் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா