காசோலையை ஏன் இரவில் எழுதுகிறீர்கள்?

கேள்வி: நான் மதுரைக்காரி. அமெரிக்காவின் மினசோட்டாவில் வசிக்கிறேன். இங்கே குடியேறிய நார்வேக்காரர் ஒருவரின் கொள்ளுப்பேரன் என் கணவர். மூன்று தலைமுறையாக அவர் குடும்பம், நார்வே வழிவந்தவர்களின் ‘சன்ஸ் ஆஃப் நார்வே’ அமைப்பில் இருக்கிறது. எங்கள் ஊர்க் கிளைக்கு இப்போது நான்தான் பொருளாளர். உணவு வங்கிக்கும் கல்லூரி மாணவர்களுக்கும் தவறாமல் நன்கொடை கொடுக்கிறோம். பிள்ளைகள் தூங்கிய பிறகு, தொந்தரவு இல்லாமல் உட்கார்ந்து காசோலைகளை எழுதிவிடுவேன். சிக்கல் எல்லாம் இளைஞர் பிரிவில்தான். பீட்சா, பௌலிங், பரிசு என்று எவ்வளவு செலவு செய்தாலும் ஒரு முறை வந்த பிள்ளை மறுமுறை வருவதில்லை. என் 13 வயது மகளே, ‘அது பாட்டியின் கிளப்’ என்கிறாள். தமிழச்சியான நான் நார்வே மரபைக் கட்டிக் காக்க வேண்டுமா? அந்தப் பிரிவை மூடிவிட்டு, அதற்குரிய பணத்தையும் நன்கொடையாகக் கொடுத்துவிடலாமா?
– ஒரு வாசகி, மினசோட்டா

பதில்: மூடுவதைப் பற்றிப் பிறகு பேசலாம். போகிறபோக்கில் ‘பிள்ளைகள் தூங்கிய பிறகு’ என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த இடத்தைத் தாண்டி என்னால் போக முடியவில்லை.

உங்கள் வீட்டு மேசையில் தவறாமல் தருமம் நடக்கிறது. அதே வீட்டில் வளரும் பெண் அதை ஒரு நாளும் கண்ணால் பார்த்ததில்லை. அவள் பார்த்ததெல்லாம் பீட்சாப் பெட்டி. ‘அது பாட்டியின் கிளப்’ என்று அவள் சொன்னதில் என்ன தப்பு? அங்கே அவளுக்கு நீங்கள் கொடுத்தது விருந்தாளியின் இடம். விருந்தாளி வருவாள், சாப்பிடுவாள், கை கழுவிக்கொண்டு போவாள்.

வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக்கூடாது என்பீர்கள். ஊரார் முன்னால் தம்பட்டம் அடிக்கிறவனுக்குச் சொன்ன புத்தி அது. பெற்ற பிள்ளையிடம் ஒளிக்கச் சொன்னதில்லை. வாசலில் வந்து நின்றவருக்கு என் பாட்டி தன் கையால் அரிசி போட்டு நான் பார்த்ததே இல்லை. என்னைக் கூப்பிட்டு, என் இரண்டு கையிலும் அள்ளி வைத்து அனுப்புவாள். பாதி அரிசி திண்ணையிலேயே சிந்திவிடும். பாட்டி அதட்ட மாட்டாள். சிந்தியதைக் கூட்டியெடுத்து, புடைத்து, மறுபடியும் என் கையிலேயே வைப்பாள். வந்தவரும் பொறுமையாக நிற்பார். கொடுப்பது என்றால் என்ன என்று எனக்குச் சொல்லித்தந்தது அந்தத் திண்ணைதான்.

உங்கள் கணவரின் முன்னோர்களும் இதை அறிந்தவர்களே. 1895இல் மினியாபொலிஸில் 18 நார்வேக்காரர்கள் கூடி அந்த அமைப்பைத் தொடங்கினார்கள். 1893இல் மூண்ட பொருளாதார நெருக்கடி அமெரிக்காவை இன்னும் ஆட்டிக்கொண்டிருந்த காலம். உழைக்கிறவன் நோயில் விழுந்தாலோ செத்துப்போனாலோ அவன் மனைவி மக்கள் தெருவுக்கு வந்துவிடக்கூடாது என்பதுதான் அவர்களுடைய கவலை. அதற்காகப் பணம் சேர்த்தார்கள். மொழியும் நடனமும் விருந்தும் அதைச் சுற்றி வளர்ந்தவை. நீங்கள் சுற்றி இருப்பதைப் பிள்ளைகளிடம் நீட்டுகிறீர்கள். நடுவில் இருப்பதை விளக்கணைத்த வீட்டில் தனியாக வைத்துக்கொள்கிறீர்கள்.

பாட்டியின் கிளப் என்கிறாளே, அந்தப் பாட்டியின் தலைமுறை என்ன செய்தது என்று அவளுக்குத் தெரியுமா? உங்கள் அமைப்பின் கிளைகள் பல, பழைய தபால்தலைகளைச் சேர்த்து நார்வேக்கு அனுப்பி வந்திருக்கின்றன. 1928இல் நெஸ்பியென் என்ற சிற்றூரின் தபால் அதிகாரி, தபால்தலைகளை விற்று, காசநோயால் வாடிய குழந்தைகளுக்கு உதவத் தொடங்கிய வேலை அது. உறையிலிருந்து தபால்தலையைக் கிழித்துவிடக் கூடாது. சுற்றிலும் விரலகலம் காகிதம் விட்டுக் கத்தரிக்க வேண்டும். ஓரத்துப் பல் ஒன்று அறுந்தாலும் தபால்தலை வீண். இது பத்து வயதுக் கைக்கு ஏற்ற வேலை. செய்த கை மறக்காத வேலை. நார்வேயில் 1964 முதல் பள்ளிப் பிள்ளைகள் ஆண்டுக்கு ஒரு நாள் வகுப்பை விட்டுவிட்டு ஏதாவது வேலைக்குப் போகிறார்கள். அன்றைய கூலி வேறொரு நாட்டுப் பிள்ளைகளின் படிப்புக்குப் போகிறது. அவர்களை யாரும் பீட்சா காட்டி அழைப்பதில்லை.

தமிழச்சியான நான் காக்க வேண்டுமா என்ற கேள்வி எனக்குப் பிடிக்கவில்லை. உங்கள் பிள்ளைகளின் உடம்பில் நார்வே ரத்தமும் ஓடுகிறது. வாழப்போன வீட்டின் கணக்குப் புத்தகத்தை வாங்கிக்கொண்டவர், அந்த வீட்டின் மரபு எனக்கு எதற்கு என்று கேட்கக்கூடாது. ஆனால் பாரம் உங்கள் தலையில் மட்டும் ஏன்? மூன்று தலைமுறைக் குடும்பத்தின் மகன் உங்கள் கணவர். கடிதத்தில் அவர் செய்ததாக ஒரு காரியம்கூட இல்லையே! மகளைத் தன் தாயிடம் அழைத்துப்போய் உட்காரவைத்து, பழைய கதைகளைக் கேட்கவைப்பது அவர் கடமை. இந்தப் பத்தியை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள்.

இளைஞர் பிரிவை மூடாதீர்கள், பீட்சாவை நிறுத்துங்கள். பௌலிங்குக்கு ஒதுக்கிய பணத்தை அந்தப் பிள்ளைகளின் பொறுப்பில் விட்டு, யாருக்குக் கொடுக்கலாம் என்று அவர்களையே தீர்மானிக்கச் சொல்லுங்கள். பார்வையற்றவர்களை வழிகாட்டியோடு பனியில் சறுக்கவைக்கிற ‘ஸ்கி ஃபார் லைட்’ 1975 முதல் அமெரிக்காவில் நடக்கிறது. அதைப் பற்றியும் சொல்லிவையுங்கள். சண்டை வரும், வரட்டும். நீங்கள் வாய் திறக்காதீர்கள்.

உணவு வங்கிக்கான அடுத்த காசோலையைச் சனிக்கிழமை காலையில், மகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதுங்கள். தொகையை அவள் நிரப்பட்டும், நீங்கள் கையெழுத்துப் போடுங்கள். தபாலில் அனுப்ப வேண்டாம், அவளே கொண்டுபோய்க் கொடுக்கட்டும். கொடுத்த கையோடு திரும்பிவிடாமல், அங்கே இரண்டு மணி நேரம் பெட்டிகளை இறக்கி அடுக்கட்டும்.

‘இதையெல்லாம் இத்தனை நாளாக எப்போது செய்தாய், அம்மா?’ என்று அவள் கேட்பாள். நீ தூங்கும்போது என்று உண்மையைச் சொல்லிவிடுங்கள்.