மூட்டையில் கட்டிய சீட்டு

காட்பாடி வாசகர் ஒருவர்: சார், ஞாயிற்றுக்கிழமையானால் கேமராவைத் தூக்கிக்கொண்டு வள்ளிமலை, திருவல்லம், மேல்பாடி என்று சுற்றுகிறவன் நான். எந்தக் கல்வெட்டு, எந்தப் பக்கச் சுவர் என்பதையெல்லாம் உபுண்டு லேப்டாப்பில் செட்எஃப்ஆட்டர் கட்டளை கொடுத்து ஒவ்வொரு படத்தோடும் சேர்த்து வைத்தேன். ராணிப்பேட்டை நண்பருக்குப் பென் டிரைவில் போட்டுக் கொடுத்தால் படம் எல்லாம் இருக்கிறது, குறிப்பு ஒன்றுகூட இல்லை. பிழைச்செய்தியும் வரவில்லை. தப்பு எங்கே?

பாதி பென் டிரைவ், பாதி நகல் எடுத்த விதம். மண்டி வீதியில் அரிசி மூட்டையின் வாயில் ரகம் எழுதிய சீட்டைக் கட்டிவிட்டு, அரிசியை மட்டும் வேறு சாக்கில் கொட்டினால் சீட்டு எங்கே இருக்கும்? பழைய சாக்கில்தான். நீங்கள் எழுதிய குறிப்பும் (இதற்கு எக்ஸ்ஆட்டர், அதாவது கோப்போடு ஒட்டிவைக்கும் கூடுதல் பண்பு என்று பெயர்) அப்படித்தான், அது படத்துக்குள் போகவில்லை, லேப்டாப்பின் கோப்பு முறைமை (வட்டில் கோப்புகளை அடுக்கி வைக்கும் ஏற்பாடு, உங்களுடையது பெரும்பாலும் இஎக்ஸ்டி4) அதைத் தனியே வைத்துக்கொள்கிறது. கடையில் வாங்கும் பென் டிரைவ் பொதுவாக ஃபேட்32 அல்லது எக்ஸ்ஃபேட். இரண்டிலும் லினக்ஸின் இந்தச் சீட்டைக் கட்ட இடமே கிடையாது.

சரி, ஏன் சத்தமில்லாமல் போனது? நகல் எடுக்கும் சிபி கட்டளையைச் சும்மா கொடுத்தால் இந்தக் குறிப்புகளைத் தொடவே தொடாது. மைனஸ் ஏ கொடுத்தால் எடுத்துப்போகப் பார்க்கும், ஆனால் முடியாவிட்டால் வாயைத் திறக்காது. "ப்ரிசர்வ் ஈக்குவல் எக்ஸ்ஆட்டர்" என்று பெயர் சொல்லிக் கேட்டால்தான் முடியவில்லை என்று புகார் சொல்லும். (கட்டளைகளை இங்கே ஒலிப்படி எழுதுகிறேன், டெர்மினலில் வழக்கம்போல் ஆங்கிலத்தில் தட்டுங்கள்.) நகல் எடுக்க ஆர்சிங்க் கட்டளை என்றால் பெரிய எக்ஸ் சேர்க்க வேண்டும், பல கோப்புகளை ஒரே மூட்டையாகக் கட்டும் டார் என்றால் கட்டும்போதும் பிரிக்கும்போதும் "எக்ஸ்ஆட்டர்ஸ்" சேர்க்க வேண்டும். நண்பரும் லினக்ஸ்காரர் என்றால் டார் மூட்டையாகவே கொடுங்கள், அதை எந்தப் பென் டிரைவும் சுமக்கும் (ஃபேட்32 என்றால் மூட்டை 4 ஜிபிக்குள் இருக்க வேண்டும்).

லேப்டாப்பில் குறிப்பு பத்திரமாக இருக்கிறதா என்று கெட்எஃப்ஆட்டர் மைனஸ் டி போட்டுப் பாருங்கள். தமிழில் எழுதியிருந்தால் பூஜ்யம், எஸ் என்று தொடங்கிப் புரியாத எழுத்தாகக் கொட்டும், பயப்பட வேண்டாம், அது பேஸ்64, அதே குறிப்பை ஆங்கில எழுத்தும் எண்ணுமாக மாற்றிக் காட்டும் முறை. "ஒன்லி வேல்யூஸ்" சேர்த்தால் தமிழாகவே வரும். அப்புறம், இஎக்ஸ்டி4-இல் ஒரு கோப்புக்கு மொத்தமே ஏறத்தாழ 4 கேபிதான் இடம். யுனிகோட் தமிழில் ஒவ்வொரு குறிக்கும் 3 பைட் போகிறது, "கோ" என்று எழுதினால் 6. கல்வெட்டின் முழு வாசகத்தையும் அதில் திணிக்கப் பார்க்காதீர்கள்.

நானும் சூடு பட்டவன்தான். ஒரு கோடைவிடுமுறை முழுக்க உட்கார்ந்து குறிப்பு எழுதினேன், பிறகு படங்களை நேராக்க ஒரு மென்பொருளில் திறந்து சேமித்தேன், அது புதிதாக ஒரு கோப்பை எழுதிப் பழைய பெயரைச் சூட்டிவிட்டது, குறிப்பெல்லாம் காலி. அன்றிலிருந்து வாரம் ஒருமுறை கெட்எஃப்ஆட்டர் பெரிய ஆர், சின்ன டி கொடுத்து மொத்தக் குறிப்பையும் ஒரு உரைக்கோப்பில் இறக்கி வைக்கிறேன். திரும்ப ஏற்ற, அதே அடைவில் நின்று செட்எஃப்ஆட்டர் "ரெஸ்டோர்" கொடுத்தால் போதும்.

ஆனால் என்னைக் கேட்டால், பிறருக்குக் கொடுக்கும் படத்துக்கு இந்த வழியே வேண்டாம். மேல்பாடியில் ராஜராஜன் தன் பாட்டன் அரிஞ்சயனுக்கு எடுத்த பள்ளிப்படைக் கோயில் என்ற தகவல் படத்தோடு போக வேண்டுமானால், எக்ஸிஃப்டூல் கொண்டு ஜேபெக் கோப்புக்குள்ளேயே எழுதுங்கள். "இந்தப் படம் இன்னும் சரிபார்க்கவில்லை" என்பது மாதிரி உங்களுக்கு மட்டுமான குறிப்புக்கு எக்ஸ்ஆட்டர் சுகம்.

ஆம்பூர் வாசகர்: மேக்கில் எல்எஸ் மைனஸ் எல் கொடுத்தால் சில கோப்புகளில் அனுமதி எழுத்துகளுக்குப் பின்னால் "அட்" குறி வருகிறதே, வைரஸா?

இல்லை, அதுவும் இதே சீட்டுதான். எக்ஸ்ஆட்டர் மைனஸ் எல் கொடுத்தால் என்ன ஒட்டியிருக்கிறது என்று தெரியும். இணையத்திலிருந்து இறக்கியதென்றால் பெரும்பாலும் குவாரன்டைன் குறி, முதல்முறை திறக்கும்போது மேக் எச்சரிப்பது அதைப் பார்த்துத்தான். மைனஸ் டி கொடுத்து நீக்கலாம், எங்கிருந்து வந்த கோப்பு என்று உங்களுக்கு நன்றாகத் தெரிந்தால் மட்டும்.

ஆற்காடு வாசகி: குறிப்பு சேர்த்தால் கோப்பின் தேதி மாறுமா?

திருத்திய தேதி மாறாது, அளவும் மாறாது, எம்டி5 (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் சோதனை எண்) போட்டுப் பார்த்தாலும் பழைய எண்தான் வரும். ஸ்டாட் கட்டளையில் "சேஞ்ச்" என்று ஒரு வரி வரும் பாருங்கள், அந்த நேரம் மட்டும் மாறியிருக்கும்.