டேட்டா லிங்க்: போர்க்களத்துல நம்மாளு சொல்றது நமக்குக் கேக்கணும்

கேள்வி: பைலட்கிட்டதான் ரேடியோ இருக்கே சார், கீழ இருக்குற கன்ட்ரோலர்கிட்ட பேசிக்கிட்டே போகலாமே. அப்புறம் டேட்டா லிங்க்னு தனியா ஒண்ணு எதுக்கு? – மதுரை வாசகர்

பேசலாம், ஆனா பேச்சுக்கு நேரம் ஆகும். "உனக்கு வடமேற்குல, இத்தனை கிலோமீட்டர் தூரத்துல, இத்தனை உயரத்துல ரெண்டு விமானம் உன்னைப் பாத்து வருது"னு கன்ட்ரோலர் சொல்லி முடிக்கிறதுக்குள்ள அந்த ரெண்டும் இடம் மாறிடும். அதே வானத்துல இன்னும் பத்து விமானம் இருந்தா அந்த பத்து பேருக்கும் அதே சேனல்ல சொல்லணும், ஒருத்தர் பேசும்போது இன்னொருத்தர் குறுக்க வந்தா ரெண்டுமே கெட்டுப்போகும். டேட்டா லிங்க்ல மனுஷன் பேசவே வேண்டாம். ஒரு விமானத்தோட கம்ப்யூட்டர் தான் எங்க இருக்கேன், எவ்ளோ எரிபொருள் மிச்சம், என்ன ஆயுதம் கைவசம் இருக்கு, தன்னோட ரேடார்ல என்ன தெரியுதுங்கிறதை எல்லாம் தானாவே மத்த கம்ப்யூட்டர்களுக்கு அனுப்பிக்கிட்டே இருக்கும், அது நம்ம மத்த பைலட்டுங்களோட திரையில படமா வந்து உக்காந்துடும். தன்னோட ரேடாரை ஆஃப் பண்ணி வெச்சிருக்குற பைலட்டுக்கும் பக்கத்து விமானம் பாக்குறது தெரியும்.

இது எவ்ளோ முக்கியம்னு புரிய 2019 பிப்ரவரி 27-ம் தேதியை மட்டும் எடுத்துக்குங்க. அன்னிக்கு காஷ்மீர் எல்லையில நடந்த வான் சண்டையில விங் கமாண்டர் அபிநந்தன் ஓட்டின மிக்-21 விழுந்துச்சு, அவர் பாகிஸ்தான் பக்கம் பிடிபட்டாரு, மார்ச் 1-ம் தேதி திரும்பி வந்தாரு. அவரைத் திரும்பச் சொன்ன உத்தரவு ஜாமிங்னால, அதாவது எதிரி அதே அலைவரிசையில இரைச்சல் போட்டு அமுக்கினதால, அவருக்குக் கேக்கலைன்னு அப்பவே பத்திரிகைகள்ல நிறைய செய்தி வந்துச்சு. அதே நாள் காலையிலதான் ஸ்ரீநகர் பக்கம் பட்காம்ல நம்ம விமானப்படையோட மி-17 ஹெலிகாப்டரை நம்ம ஸ்பைடர் ஏவுகணையே சுட்டு வீழ்த்துச்சு, உள்ள இருந்த 6 வீரர்களும் தரையில இருந்த பொதுஜனம் ஒருத்தரும் செத்துப்போனாங்க. அந்த வருஷம் அக்டோபர்ல அப்போதைய விமானப்படைத் தளபதி பதாரியா, இது நம்ம பக்கம் நடந்த பெரிய தப்புன்னு வெளிப்படையாவே ஒத்துக்கிட்டாரு.

ஒரே நாள்ல ரெண்டு சம்பவம். ஒண்ணுல நம்ம குரல் நம்மாளுக்குப் போய்ச் சேரலைன்னு சொல்றாங்க, இன்னொண்ணுல நம்மாளையே நமக்கு அடையாளம் தெரியலை. இந்த துறையில உழைக்குற ஒவ்வொருத்தரும் இதை மனசுல வெச்சுத்தான் வேலை செய்யணும்னு நான் நினைக்கிறேன்.

கேள்வி: ரேடியோ அலைன்னா எதிரிக்கும் கேக்கும்தானே? அவனும் ஜாம் பண்ணுவான்தானே? அப்ப இதை எப்படி "பாதுகாப்பானது"ன்னு சொல்றாங்க? கொஞ்சம் விவரமா சொல்லுங்க. – திருநெல்வேலி வாசகர்

நல்ல கேள்வி, இதுக்கு உள்ள போய்த்தான் பதில் சொல்லணும். நேட்டோ நாடுங்க பயன்படுத்துற லிங்க் 16-ங்கிற சிஸ்டத்தையே உதாரணமா எடுத்துக்கலாம், ஏன்னா அதைப் பத்தித்தான் வெளிய அதிகமா தெரியும்.

முதல்ல நேரத்தைப் பங்கு போடுறாங்க. ஒரு செகண்டை 128 துண்டா வெட்டுறாங்க, ஒரு துண்டு 7.8125 மில்லிசெகண்ட். இந்தத் துண்டு உனக்கு, அடுத்தது அவனுக்குன்னு முன்கூட்டியே பிரிச்சுக் கொடுத்துடுவாங்க, அதனால யாரும் யார் மேலயும் ஏற மாட்டாங்க. இதுல ஒரு பெரிய நன்மை என்னன்னா, எல்லாரையும் நிர்வாகம் பண்ற ஒரு தலைமை ஸ்டேஷன் தேவையில்லை. இதுக்கு முந்தின தலைமுறையான லிங்க் 11-ல ஒரு கப்பல் உக்காந்து ஒவ்வொருத்தரையா கூப்பிட்டு "உன் தகவலைக் கொடு"ன்னு கேக்கும், அந்தக் கப்பல் போச்சுன்னா வலையே படுத்துடும். லிங்க் 16-ல எல்லாரோட கடிகாரமும் ஒத்துப்போனா போதும், யார் விழுந்தாலும் மத்தவங்க பேசிக்கிட்டே இருக்கலாம். அந்தக் கடிகாரத்துக்கும் ஜிபிஎஸ்தான் வேணும்னு கட்டாயம் இல்லை, ஒருத்தருக்கொருத்தர் சின்ன மெசேஜ் அனுப்பி, போய்த் திரும்புற நேரத்தை அளந்து தங்களைத் தாங்களே சரி பண்ணிக்குவாங்க.

இப்ப அந்த ஒரு துண்டுக்குள்ள என்ன நடக்குதுன்னு பாருங்க. துண்டு ஆரம்பிச்ச உடனே அனுப்ப மாட்டாங்க, ஒவ்வொரு தடவையும் வேற வேற அளவு தாமதம் விட்டு ஆரம்பிக்கிறதுக்கு ஒரு வழி இருக்கு, எப்ப ஆரம்பிக்கும்னு எதிரி கணிக்கக் கூடாது இல்லையா. அப்புறம் தகவல் சின்னச் சின்ன பல்ஸா போகும். ஒரு பல்ஸ் 6.4 மைக்ரோசெகண்ட், அடுத்த பல்ஸ் 13 மைக்ரோசெகண்டுக்கு ஒரு தடவை. ஒவ்வொரு பல்ஸும் வேற அலைவரிசையில போகும். 960-லேர்ந்து 1215 மெகாஹெர்ட்ஸுக்குள்ள 51 அலைவரிசை வெச்சிருக்காங்க, அதுல செகண்டுக்கு சுமார் 77,000 தடவை தாவும். எந்த வரிசையில தாவணும்னு சொல்றது ரகசியச் சாவி. சாவி இல்லாதவன் ஒரு அலைவரிசையில சத்தம் போட்டா 51-ல ஒண்ணுதான் கெடும், எல்லாத்துலயும் சத்தம் போடணும்னா அவனோட சக்தியை 51 பங்கா பிரிக்கணும்.

அப்படியும் சிலது கெடத்தான் செய்யும், அதுக்குத்தான் ரீட்-சாலமன்னு ஒரு பிழை திருத்தும் முறை. 15 குறியீட்டுல அடங்குற தகவலை 31 குறியீடா நீட்டி அனுப்புவாங்க, அந்த 31-ல 8 வரைக்கும் தப்பா வந்து சேந்தாலும் மூலத் தகவலை அப்படியே மீட்டுடலாம். எனக்கு இந்த சிஸ்டத்துல ரொம்பப் பிடிச்ச இடமே இதுதான், எதிரி ஜாம் பண்ணுவான்னு தெரிஞ்சே, அடி வாங்கியும் பேசுற மாதிரி கட்டியிருக்காங்க. கடைசியில ஒரு சும்மா இருக்குற நேரமும் விடுவாங்க, ஏன்னா 300 கடல் மைல் தள்ளி இருக்குறவனுக்கு அலை போய்ச் சேரவே கிட்டத்தட்ட 1.85 மில்லிசெகண்ட் ஆகும், அது போய்ச் சேர்ந்த பிறகுதான் அடுத்தவன் வாயைத் திறக்கணும்.

குறைன்னு பாத்தா முதல் குறை வேகம். வழக்கமான வேகம் செகண்டுக்கு 31.6-லேர்ந்து 115.2 கிலோபிட்தான், வீடியோவெல்லாம் இதுல ஓட்ட முடியாது. ரெண்டாவது, நேர்கோட்டுப் பார்வை வேணும், நடுவுல மலை வந்தா மேல ஒரு விமானத்தையோ வேற ரிலேயையோ நிறுத்தணும். மூணாவது, எல்லா திசையிலயும் பரவுறதால உள்ள என்ன பேசுறோம்னு எதிரிக்குப் புரியாட்டியும், இங்க யாரோ பேசுறாங்கன்னு தெரிஞ்சுடும். ரேடார்ல தெரியக்கூடாதுன்னு கட்டின அமெரிக்க எஃப்-22-க்கும் எஃப்-35-க்கும் அதனாலதான் குறுகலான திசையில மட்டும் அனுப்புற தனி லிங்க் வெச்சாங்க. ஆனா ரெண்டுக்கும் வேற வேற லிங்க்கா வெச்சுட்டதால, ஒரே நாட்டு விமானப்படையோட ரெண்டு நவீன விமானங்கள் அந்த ரகசிய லிங்க்ல நேரடியா பேசிக்க முடியாம போச்சு! இதை மனசுல வெச்சுக்குங்க, கீழ நம்ம நாட்டைப் பத்திச் சொல்லும்போது தேவைப்படும்.

கேள்வி: இந்த அலைவரிசை தாவுற ஐடியாவை ஒரு சினிமா நடிகை கண்டுபிடிச்சாங்கன்னு வாட்ஸ்அப்ல வந்துச்சு, உண்மையா? – கரூர் வாசகி

பெரும்பகுதி உண்மைம்மா. ஹெடி லமார்ங்கிற ஹாலிவுட் நடிகையும் ஜார்ஜ் ஆன்தைல்ங்கிற இசையமைப்பாளரும் சேர்ந்து 1942 ஆகஸ்ட்ல அமெரிக்க பேட்டன்ட் வாங்கினாங்க. ரேடியோவுல கட்டுப்படுத்துற டார்பிடோவை எதிரி ஜாம் பண்ணக் கூடாதுங்கிறதுதான் நோக்கம், தானா வாசிக்கிற பியானோவுல இருக்குற துளை போட்ட காகிதச் சுருள் மாதிரி ஒண்ணை வெச்சு 88 அலைவரிசைக்குள்ள தாவ வைக்கலாம்னு சொன்னாங்க. அலைவரிசை மாத்துற யோசனை அதுக்கு முன்னாடியும் வேற சிலர்கிட்ட இருந்துச்சு, அதனால "இவங்கதான் முதல்"னு சொல்றது மட்டும் மிகை. அமெரிக்கக் கடற்படை அந்தப் போர்ல அதைப் பயன்படுத்தலை.

கேள்வி: என்கிரிப்ஷன் போடாம விட்டா என்ன ஆயிடும்? 4ஜி, சாட்டிலைட் இன்டர்நெட் எல்லாம் இருக்கும்போது ராணுவத்துக்குத் தனியா எதுக்குச் செலவு? – ஈரோடு வாசகர்

போடாம விட்டவங்க கதையே இருக்கு. அமெரிக்காவோட பிரிடேட்டர் ட்ரோன் ஈராக் மேல பறந்து எடுத்த வீடியோ பூட்டு இல்லாம கீழ வந்துக்கிட்டிருந்துச்சு. அங்க இருந்த ஆயுதக் குழுக்கள் 26 டாலர் விலையில கடையில கிடைச்ச ஒரு சாஃப்ட்வேரை வெச்சு அதைப் பிடிச்சுப் பாத்துக்கிட்டிருந்தாங்க, 2009 டிசம்பர்ல இது வெளிய வந்துச்சு. ட்ரோனை அவங்களால ஓட்ட முடியலைதான், ஆனா தன்னை எங்கேருந்து பாக்குறாங்கன்னு எதிரிக்கே தெரிஞ்சா ட்ரோன் பறந்து என்ன பிரயோஜனம்?

4ஜிக்கு டவர் வேணும், சண்டை நடக்குற இடத்துல முதல்ல விழுறதே டவரும் கரன்ட்டும்தான். சாட்டிலைட் இன்டர்நெட்னு சொன்னீங்க இல்ல, 2022 பிப்ரவரி 24-ம் தேதி ரஷ்யா உக்ரைனுக்குள்ள நுழையுறதுக்கு சுமார் ஒரு மணி நேரம் முன்னாடி வியாசாட் கம்பெனியோட சாட்டிலைட் சேவை மேல சைபர் தாக்குதல் நடந்துச்சு. மேல சாட்டிலைட்டுக்கு ஒண்ணும் ஆகலை, கீழ வீட்டுலயும் ஆபீஸ்லயும் இருந்த மோடம்களோட மெமரியை அழிச்சாங்க, பல ஆயிரம் மோடம் செத்துப்போச்சு. உக்ரைன் ராணுவமும் அதே சேவையைப் பயன்படுத்திக்கிட்டிருந்துச்சு. சண்டைக்கு சம்பந்தமே இல்லாத ஜெர்மனியில 5,800 காற்றாலைகளோட ரிமோட் தொடர்பு கூட அறுந்துபோச்சு. பொதுமக்களுக்காகக் கட்டின சேவையை ராணுவம் உபரியா வெச்சுக்கலாம், அதை மட்டுமே நம்பி இறங்கக் கூடாது.

கேள்வி: எங்க ஊர் ராஜாளி தளத்துல பி-8ஐ விமானம் தினமும் தலைக்கு மேல போகுது. அமெரிக்க விமானம்தானே, அப்ப அதுல இருக்குறது அமெரிக்க லிங்க்கா? நம்ம நாடு இதுல எங்க இருக்கு? – அரக்கோணம் வாசகர்

உங்க ஊர் விமானமே இதுக்கு நல்ல உதாரணம். பி-8ஐ போயிங் செஞ்சதுதான், ஆனா அதுல நம்ம கடற்படைக்காக பாரத் எலக்ட்ரானிக்ஸ் (சுருக்கமா பெல்) வடிவமைச்ச டேட்டா லிங்க் 2-தான் பொருத்தினாங்க. 2010-லயே பெல் நிறுவனம் அதை போயிங் கைல கொடுத்துச்சு. காரணம் எளிது. விமானம் கடலுக்கு மேல போய் ஒரு நீர்மூழ்கியைக் கண்டுபிடிச்சா அதை நம்ம போர்க்கப்பலுக்குச் சொல்லணும், கப்பல்ல இருக்குறது நம்ம லிங்க். இன்னொரு பக்கம், அமெரிக்கா தன்னோட ரகசியத் தகவல் கருவிகளைக் கொடுக்கணும்னா அதுக்குத் தனி ஒப்பந்தம் கேட்டுச்சு, நாம ரொம்ப வருஷம் கையெழுத்துப் போடலை, கடைசியில 2018 செப்டம்பர் 6-ம் தேதி டில்லியில காம்காசாங்கிற அந்த ஒப்பந்தம் ஆச்சு. அமெரிக்கக் கருவியை அவங்களோட சேர்ந்து பயிற்சி பண்ண, தகவல் வாங்க வெச்சுக்கலாம், அதுல தப்பில்லை. ஆனா நம்ம சண்டைக்கு நாம நம்புற லிங்க்கோட சாவியை இன்னொரு நாடு தயாரிச்சுக் கொடுக்கக் கூடாது, இதுல எனக்கு ரெண்டாவது கருத்தே கிடையாது.

நம்ம உண்மையான கஷ்டம் வேற இடத்துல இருக்கு. விமானப்படையை மட்டும் பாருங்க: சுகோய்-30 ரஷ்யாவோடது, மிராஜும் ரஃபேலும் பிரான்ஸோடது, தேஜஸ் நம்மளோடது, பால்கன் அவாக்ஸ்ங்கிறது (வானத்துல பறந்துக்கிட்டே கண்காணிக்கிற ரேடார் விமானம்) ரஷ்ய விமானத்து மேல இஸ்ரேல் ரேடார், நேத்ராங்கிறது பிரேசில் விமானத்து மேல நம்ம டிஆர்டிஓ ரேடார். ஒவ்வொண்ணும் வரும்போதே தன்னோட பாஷையோட வந்துச்சு. ஒரே நாடு கட்டின எஃப்-22-ம் எஃப்-35-மே பேசிக்க முடியலைன்னா, இத்தனை நாட்டுச் சாமானை ஒரே வலையில கோர்க்குறது எவ்ளோ பெரிய வேலைன்னு யோசிங்க. தரைப்படை, கடற்படை, விமானப்படை மூணும் சேர்ந்து ஒரே படத்தைப் பாக்கணும்னா வேலை இன்னும் பெருசு.

அதுக்கு வழியா வந்ததுதான் சாஃப்ட்வேர் டிஃபைண்டு ரேடியோ, சுருக்கமா எஸ்டிஆர். பழைய ரேடியோவுல சிக்னலோட வடிவம், அதாவது வேவ்ஃபார்ம், சர்க்யூட்லயே அடைச்சிருக்கும், இதுல சாஃப்ட்வேரா இருக்கும், மாத்தி ஏத்திக்கலாம். டேராடூன்ல இருக்குற டிஆர்டிஓவோட டீல் ஆய்வகமும் பெல்லும் கடற்படையும் மத்தவங்களோட சேர்ந்து உருவாக்கின எஸ்டிஆர்-டாக் ரேடியோவுக்கு 2021 பிப்ரவரியில 1,000 கோடி ரூபாய்க்கு மேல ஆர்டர் போச்சு. ஒரு கம்பெனி எழுதின வேவ்ஃபார்மை இன்னொரு கம்பெனி ரேடியோவுலயும் ஓட்டணும்னு டிஆர்டிஓ 2025 அக்டோபர்ல ஒரு தேசியத் தரத்தையே வெளியிட்டுச்சு. என்னைக் கேட்டா பெரிய பெரிய ஏவுகணைச் செய்திக்கு நடுவுல யாரும் கவனிக்காம போன இதுதான் ரொம்ப முக்கியமான செய்தி.

தூரத்துக்கு சாட்டிலைட் வேணும், அதுக்குக் கடற்படைக்கு 2013-ல ஜிசாட்-7, விமானப்படைக்கு 2018 டிசம்பர்ல ஜிசாட்-7ஏ, 2025 நவம்பர் 2-ம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவுலேர்ந்து போன 4,410 கிலோ சிஎம்எஸ்-03னு வரிசையா வந்திருக்கு.

கேள்வி: எல்லாத்தையும் லிங்க்ல இணைச்சுட்டா நம்மாளை நாமளே சுடுறது நின்னுடுமா? – தஞ்சாவூர் வாசகர்

நிக்காது, குறையும். 1994 ஏப்ரல் 14-ம் தேதி வட ஈராக்ல ரெண்டு அமெரிக்க எஃப்-15 விமானங்கள் தங்களோட சொந்த பிளாக்ஹாக் ஹெலிகாப்டர்கள் ரெண்டையும் சுட்டுச்சு, 26 பேர் போயிட்டாங்க. மேல அவாக்ஸ் பறந்துக்கிட்டுத்தான் இருந்துச்சு. ஹெலிகாப்டர் ஒரு அலைவரிசையில, எஃப்-15 வேற அலைவரிசையில. எஃப்-15-ல இருந்த தாவுற ரேடியோ ஹெலிகாப்டர்ல கிடையாது. நம்மாளா எதிரியான்னு கேக்குற கருவிக்கு அந்தப் பகுதிக்கு எந்த ரகசியக் கோட் நம்பர் வைக்கணும்னு ஹெலிகாப்டர்காரங்களுக்குப் போய்ச் சேரலை. கருவி இருந்தும் ஒண்ணோட ஒண்ணு ஒத்துப்போகலை. அதனால புதுக் கருவி வாங்குற அன்னிக்கே பழைய ஹெலிகாப்டருக்கும் அது போகுதான்னு கேக்கணும், சாவியையும் கோட் நம்பரையும் தினமும் யார் மாத்துறது, யார் சரிபாக்குறதுன்னு எழுதி வெச்சு பழகணும். செலவு கம்மி பண்றோம்னு ஹெலிகாப்டரையும் லாரியையும் கடைசியில தள்ளுறது ரொம்ப ஆபத்து.

கேள்வி: நான் ஈசிஇ மூணாவது வருஷம் படிக்கிறேன் சார், இந்தத் துறைக்கு வரணும்னா என்ன பண்ணணும்? – கோவில்பட்டி மாணவி

வாம்மா, கட்டாயம் வா. டிஜிட்டல் கம்யூனிகேஷன், சிக்னல் ப்ராசஸிங், எரர் கரெக்ஷன் கோடிங், இந்த மூணையும் பரீட்சைக்காக இல்லாம கணக்குப் போட்டுப் படி. எஃப்பிஜிஏ ப்ரோக்ராமிங் கத்துக்கோ. கேட் பரீட்சையை விட்டுடாத, டிஆர்டிஓ விஞ்ஞானி வேலைக்கு அந்த மார்க்கைப் பாக்குறாங்க, பெல் தனியா தேர்வு வெக்குது. லேப்டாப்ல க்னூ ரேடியோன்னு இலவச சாஃப்ட்வேர் போட்டு, மேல சொன்ன 31-க்கு 15 ரீட்-சாலமன் பிழை திருத்தும் முறையை நீயே ப்ரோக்ராமா எழுதி, வேணும்னே இரைச்சலைச் சேர்த்து, 8 தப்பு வரைக்கும் மீளுதா, 9-வது தப்புல என்ன ஆகுதுன்னு பாரு. இது வெறும் சிமுலேஷன், எதையும் ஒலிபரப்பாததால லைசென்ஸ் எதுவும் வேண்டாம். அதை ஃபைனல் இயர் ப்ராஜெக்டாவே கொண்டு போகலாம், அடுத்த படியா அலைவரிசை தாவுறதையும் சேத்துப் பண்ணு, பண்ணிட்டு எங்க தடுக்குதுன்னு எழுதி அனுப்பு.