பிப்பெட் பிடிக்கும் கையில் கட்டைவிரல் வலி

கேள்வி: எனக்கு 28 வயது. பல்கலைக்கழகத்தில் மூலக்கூறு உயிரியல் ஆய்வு மாணவி. தினமும் நான்கு மணி நேரமாவது பிப்பெட் (சிறு அளவு திரவத்தை உறிஞ்சி விடும் கைக்கருவி) வேலை இருக்கும். ஐந்து மாதமாக வலது கட்டைவிரலுக்குக் கீழே, மணிக்கட்டை ஒட்டி வலிக்கிறது. பாட்டில் மூடியைத் திருகினால் சுரீரென்கிறது. மணிக்கட்டுப் பட்டை போட்டும் குறையவில்லை. ஒரு ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொண்டு ஆய்வேட்டை முடித்துவிடலாமா?

மருத்துவர் பதில்: நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இது டி குவர்வெய்ன் பாதிப்பாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஃபிரிட்ஸ் டி குவர்வெய்ன் என்ற சுவிட்சர்லாந்து அறுவை மருத்துவர் 1895-ல் விவரித்ததால் அவர் பெயர். கட்டைவிரலை வெளிப்புறம் விரிக்கவும் நிமிர்த்தவும் உதவும் இரண்டு தசைநாண்கள், மணிக்கட்டின் கட்டைவிரல் பக்க எலும்பு மேட்டின் மேல் ஒரு குறுகிய உறைக்குள் ஓடுகின்றன. ஓயாத உராய்வில் உறை தடித்துவிடும். அப்புறம் விரலை அசைக்கும்போதெல்லாம் நாண் நெருக்கி உரசும்.

கட்டைவிரலை உள்ளே மடக்கி, மற்ற விரல்களால் மூடி, மணிக்கட்டை மெல்ல சுண்டுவிரல் பக்கம் சாய்த்துப் பாருங்கள். அந்த மேட்டின் மேல் கூர்மையாக வலித்தால் சந்தேகம் வலுக்கும். இலேசான இழுவை எல்லோருக்கும் இருக்கும், அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம். ஒருமுறை பார்த்தால் போதும். சிலர் வீடியோ பார்த்து இதையே உடற்பயிற்சியாகச் செய்து வலியைக் கூட்டிக்கொள்கிறார்கள். இரவில் கட்டை, ஆள்காட்டி, நடுவிரல்கள் மரத்துப்போனால் அது நரம்பு அழுத்தம். விரல் மடங்கி, சொடுக்கிக்கொண்டு நிமிர்ந்தால் வேறு நோய். கீழே விழுந்த பிறகு தொடங்கிய வலி என்றால் எக்ஸ்ரே தேவை.

உங்கள் கட்டைவிரல் செய்யும் வேலையைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். ஆய்வுத் தட்டின் ஒரு குழிக்குத் திரவம் எடுக்க ஓர் அழுத்து, விட ஓர் அழுத்து, பிப்பெட் முனையில் மாட்டும் பிளாஸ்டிக் குழலான டிப்பைக் கழற்ற ஓர் அழுத்து. 96 குழித் தட்டு ஒன்றுக்கு 288. ஐந்து தட்டு என்றால் 1,440. இதில் மிகுந்த விசை கேட்பவை, கட்டைவிரலால் அழுத்தும் தண்டான பிளஞ்சரை, கடைசித் துளியும் வெளியேற இரண்டாம் நிறுத்தம் வரை தள்ளுவதும் டிப்பைக் கழற்றுவதும். ஆண்டுக்கு 300 மணி நேரத்துக்கு மேல் பிப்பெட் பிடிக்கும் ஆய்வகப் பணியாளர்களுக்குக் கை, தோள் தொல்லைகள் கூடுதல் என்று 1994-ல் வெளியான சுவீடன் ஆய்வு சொல்கிறது. உங்கள் கணக்கில் 75 வேலை நாளிலேயே 300 மணி ஆகிவிடும்.

ஆகவே முதல் சிகிச்சை வேலை மேசையில்தான் தொடங்க வேண்டும். டிப் பெட்டியில் பிப்பெட்டை ஓங்கி ஓங்கிக் குத்துவதை நிறுத்துங்கள். எவ்வளவு இறுக்கமாக மாட்டுகிறீர்களோ அவ்வளவு விசை கழற்றவும் வேண்டும். குத்தாமல் பொருந்தவில்லை என்றால் அந்த டிப் உங்கள் பிப்பெட்டுக்கு ஏற்றதல்ல. பிளஞ்சர் கடினமாக இறங்கினால் உள்ளே மசகு காய்ந்திருக்கலாம், சீல் தேய்ந்திருக்கலாம், சர்வீசுக்கு அனுப்புங்கள். ஒரே நேரத்தில் எட்டுக் குழிக்கு விடும் 8 முனை பிப்பெட்டில் அதே தட்டு 36 அழுத்தில் முடியும். ஆனால் எட்டு டிப்பையும் சேர்த்துக் கழற்றும் விசை பெரிது என்பதால், வாங்கும் முன் கையில் பிடித்துப் பாருங்கள். முடிந்தால், மோட்டாரே பிளஞ்சரைத் தள்ளும் மின்னணு பிப்பெட் கேளுங்கள். உங்கள் நிலைக்கு அதுவே நல்லது. டிப் போடும் குப்பைக் கலம் உயரமாக இருந்தால் ஒவ்வொரு முறையும் தோள் தூக்க வேண்டிவரும், தாழ்வான கலமாக மாற்றுங்கள். தொளதொள கையுறையும் பிடியை இறுக்கவைக்கும். 20 நிமிடத்துக்கு ஒருமுறை ஓரிரு நிமிடம் கையைக் கீழே வையுங்கள்.

நீங்கள் போட்ட பட்டை ஏன் பயன் தரவில்லை? சாதாரண மணிக்கட்டுப் பட்டை கட்டைவிரலைச் சும்மா விட்டுவிடுகிறது. கட்டைவிரலையும் சேர்த்துப் பிடிக்கும், நுனி மூட்டு மட்டும் அசையக்கூடிய ஸ்ப்ளின்ட் வேண்டும். மூன்று, நான்கு வாரம், குளிக்கும் நேரம் தவிர. அதைப் போட்டுக்கொண்டே பிப்பெட் பிடிக்காதீர்கள். விரல் ஸ்ப்ளின்டை எதிர்த்துத் தள்ளும், கையுறை சரியாகப் பொருந்தாது, துணியில் ஆய்வகக் கசிவு ஒட்டிக்கொண்டு வீட்டுக்கும் வரும். டைக்ளோஃபெனாக் ஜெல் நாளுக்கு மூன்று முறை தடவலாம். வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா இருந்தாலோ கர்ப்பமாக இருந்தாலோ, ஜெல்லானாலும் மாத்திரையானாலும் மருத்துவரிடம் கேட்காமல் வேண்டாம்.

ஊசிக்கு வருவோம். உறைக்குள் சரியாகப் போட்டால் பலருக்கு ஒன்றிரண்டு ஊசியிலேயே வலி நன்றாகக் குறைகிறது. பின்விளைவுகளையும் அறிந்துகொள்ளுங்கள்: முதல் ஓரிரு நாள் வலி கூடலாம், சில வாரம் கழித்து அந்த இடத்துத் தோல் வெளுக்கலாம், கொழுப்பு கரைந்து குழி விழலாம், நீரிழிவு உள்ளவர்களுக்குச் சில நாள் சர்க்கரை ஏறும். சிலருக்கு அந்த உறை நடுவே தடுப்புச் சுவரோடு இரண்டு அறைகளாக இருக்கும். மருந்து ஓர் அறையிலேயே நின்றால் வலி முழுதாகப் போகாது, அவர்களுக்கு அல்ட்ராசவுண்ட் பார்த்துப் போடுவது பலன் தரும். 'ஊசி போட்டுவிட்டு ஆய்வேட்டை முடிக்கலாமா' என்பதற்கு என் பதில், கூடாது. வலி சில நாளில் மறையும், உறை ஆற வாரங்கள் ஆகும். வலி தெரியாத கையோடு மறுபடி 1,440 அழுத்து என்றால் இரண்டு மாதத்தில் திரும்ப வந்து நிற்பீர்கள். ஊசிக்குப் பிறகும் குறைந்தது இரண்டு வாரம் ஸ்ப்ளின்டோடு ஓய்வு கொடுங்கள். ஆறு மாதம் முறையாகப் பார்த்தும் தீராவிட்டால், அந்தப் பகுதியை மட்டும் மரக்கச் செய்து உறையைத் திறந்துவிடும் சிறிய அறுவை சிகிச்சை இருக்கிறது.

ஆய்வை நிறுத்த வேண்டியதில்லை. இந்த ஒரு மாதத்தைத் தரவு அலசலுக்கும் எழுத்துக்கும் ஒதுக்குங்கள், தட்டச்சிலும் கட்டைவிரலை ஒதுக்கியே வையுங்கள். நெறியாளரிடம் வாய்மொழியாகச் சொல்லிவிட்டு விடாதீர்கள். ஆய்வு மாணவர்களின் வலி பெரும்பாலும் எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. வலி தொடங்கிய தேதி, நாளுக்கு எத்தனை தட்டு, எந்தப் பிப்பெட், மருத்துவர் சொன்ன ஓய்வுக் காலம் ஆகிய நான்கையும் அரைப் பக்கத்தில் எழுதி நெறியாளருக்கும் பல்கலைக்கழகப் பாதுகாப்புக் குழுவுக்கும் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வாங்குங்கள். மின்னணு பிப்பெட் கேட்கவும், ஆய்வேட்டுக்குக் கெடு நீட்டிப்பு கேட்கவும் அந்தத் தாள்தான் ஆதாரம்.