லோ ஆங்கிள் வைத்தால் ரவுடி ஆகிவிடுவாரா? வடசென்னை வாசகர்களின் ஃபிரேம் சந்தேகங்கள்

வியாசர்பாடி வாசகி: ஹவுசிங் போர்டு வீட்டில் குறும்படம் எடுக்கிறோம். சின்ன அறை. செல்போனில் அல்ட்ரா வைடு போட்டால்தான் எல்லோரும் அடங்குகிறார்கள். பரவாயில்லையா?

அடங்குவார்கள். ஆனால் அறை கல்யாண மண்டபம் மாதிரி ஆகிவிடும். அந்த லென்ஸ் கிட்டே இருப்பதைப் பெரிதாக்கி, பின்னால் இருப்பதைத் தூரத் தள்ளும். ஓரத்தில் நிற்பவர் முகம் இழுபடும். இட நெருக்கடிதானே உங்கள் கதை? கேமராவை வராந்தாவுக்குக் கொண்டுபோய், சாதாரண லென்ஸில் வாசல் வழியாக எடுங்கள். நிலைச்சட்டமே ஃபிரேமுக்குள் இன்னொரு ஃபிரேம் ஆகும். எல்லோரையும் ஒரே ஷாட்டில் காட்டியே தீர வேண்டுமா என்ன? ஒருவர் குரல் மட்டும் கேட்டாலும் போதும்.

தண்டையார்பேட்டை வாசகர்: ஹீரோ ரவுடி. எல்லா ஷாட்டும் லோ ஆங்கிள்தான் என்கிறார் என் நண்பர்.

வேண்டாம். இரண்டாவது சீனிலேயே கண்ணுக்குப் பழகிவிடும், அப்புறம் கெத்து எங்கிருந்து வரும்? வடசென்னை என்றாலே கத்தியும் லோ ஆங்கிளும் என்று ஆனதில் எனக்கு எரிச்சலே உண்டு. கேமரா எங்கே என்று கேட்பதற்கு முன், யார் பார்க்கிறார்கள் என்று கேளுங்கள். அவருக்குப் பயந்தவன் கீழே உட்கார்ந்து நிமிர்ந்து பார்க்கிறான் என்றால் லோ ஆங்கிள் சரி. அதே ஆள் வீட்டில் சாப்பிட உட்கார, அம்மா நின்றபடி திட்டுகிறாள் என்றால் அவள் கண் உயரத்திலிருந்து ஹை ஆங்கிள். மற்ற நேரமெல்லாம் அவர் கண் மட்டத்திலேயே இருங்கள்.

புளியந்தோப்பு வாசகர்: கேரம் கிளப்பில் இரண்டு பேர் எதிரெதிரே பேசுகிறார்கள். எடிட்டில் இருவரும் ஒரே பக்கம் பார்ப்பதுபோல இருக்கிறது.

லைனைத் தாண்டிவிட்டீர்கள். இருவர் கண்களையும் இணைத்து, போர்டின் நடுவே ஒரு கோடு ஓடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். கேமரா அதன் ஒரு பக்கத்து 180 டிகிரிக்குள் மட்டும் நகர வேண்டும். அப்போதுதான் ஒருவர் வலப்பக்கமும் மற்றவர் இடப்பக்கமும் பார்ப்பார்கள். ஒருவர் தோள் வழியாக மற்றவரைக் காட்டும் சஜஷன் ஷாட்டை எடுத்த பக்கத்திலிருந்தே, அதற்குப் பதிலாக வரும் எதிர் ஷாட்டான கவுண்டரையும் எடுங்கள்.

நாலு பேர் ஆடினால்தான் தலைவலி. பார்ட்னர்கள் எதிரெதிரே, எதிராளி பக்கத்தில். யார் யாரிடம் பேசுகிறாரோ அதற்கேற்ப கோடு மாறும். அதனால் பேச்சு மாறும்போது ஒருவர் தலை திரும்புவதை ஷாட்டிலேயே காட்டிவிடுங்கள், பார்ப்பவர் கண்ணும் கூடவே திரும்பும். மறுபக்கம் போயே ஆக வேண்டுமா? ஸ்ட்ரைக்கர் மேல் ஒரு டைட் க்ளோஸ்-அப் போட்டுவிட்டுத் தாண்டலாம். ஒரே ஆளை அடுத்தடுத்து எடுக்கும்போது குறைந்தது 30 டிகிரியாவது நகருங்கள், இல்லையென்றால் ஷாட் மாறும் இடத்தில் படம் துள்ளும்.

போர்டுக்கு மேலே தொங்கும் விளக்கின் மூடி நேர் டாப் ஆங்கிளை மறைக்கும். கேமராவைக் கொஞ்சம் சாய்க்கத்தான் வேண்டும்.

ராயபுரம் வாசகி: தலைக்கு மேல் எவ்வளவு இடம் விடுவது?

தலையைப் பார்க்காதீர்கள், கண்ணைப் பாருங்கள். ஃபிரேமை மூன்றாகப் பிரித்தால் மேல்கோட்டை ஒட்டிக் கண் வந்தால் போதும். டைட் க்ளோஸ்-அப்பில் நெற்றி வெட்டுப்படலாம், தாடை கூடாது. முட்டியிலும் கணுக்காலிலும் வெட்டாதீர்கள்.

காசிமேடு வாசகர்: விடியற்காலையில் கடலைப் பின்னணியாக வைத்தால் முகம் கறுத்துவிடுகிறது.

சூரியன் கடலில்தானே எழுகிறது! நிழலுருவம் வேண்டுமென்றால் பக்கவாட்டில் திருப்பி நிறுத்துங்கள், மூக்கும் வாயும் தெரியும். முகம் வேண்டுமென்றால் கடலுக்கு முதுகு காட்டி நின்று கரைப்பக்கம் பார்த்து எடுங்கள். தொடுவானம் கழுத்தை அறுக்காதபடி கேமராவை ஏற்றியோ இறக்கியோ வையுங்கள்.

எண்ணூர் வாசகர்: டிரோன் ஷாட் இல்லாமல் படம் எடுபடுமா?

எடுபடும். மொட்டை மாடி ஒன்று பிடியுங்கள். ஆளை ஓரத்தில் நிறுத்தி, நீங்கள் நன்றாகப் பின்னால் போய் ஜூம் செய்தால், அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள் அவர் தோளுக்குப் பின்னாலேயே வந்து நிற்கும். டிரோனில் இது சுலபத்தில் கிடைக்காது. தவிர, துறைமுகமும் மின்நிலையமும் இருக்கிற இடம் அது. அனுமதி வாங்காமல் எதையும் பறக்கவிடாதீர்கள்.