சர்க்கரை தானாக ஒளிர்வதில்லை

அன்புள்ள ஐயா,

அம்மாவுக்கு எழுபது வயது தாண்டிவிட்டது, இன்சுலின் போட்டுக்கொள்கிறார். கையில் ஒட்டும் சுகர் சென்சார் பதினான்கு நாளில் முடிந்துவிடுகிறது. மாதம் இரண்டு வாங்கக் கட்டுப்படியாகவில்லை. ஒளியிழை வழியே வெளிச்சம் செலுத்தி, திரும்பி வரும் ஒளிர்வைக் கொண்டு சர்க்கரையைத் தொடர்ந்து அளக்கும் சென்சார்கள் இருப்பதாகப் படித்தேன். ஒளிதான் அளக்கிறது என்றால் ஊசி எதற்கு? தோல்மேல் வெளிச்சம் அடித்தே சுகர் சொல்லும் கைக்கடிகாரம் இணையத்தில் விற்கிறார்கள். வாங்கலாமா?

கே., நாமக்கல்

அன்புள்ள கே.,

கடிகாரம் வேண்டாம். தோலைத் துளைக்காமல் தானாகவே சர்க்கரையை அளப்பதாகச் சொல்லும் எந்தக் கடிகாரத்துக்கும் மோதிரத்துக்கும் தான் அனுமதி தரவில்லை என்று அமெரிக்காவில் மருந்துகளுக்கும் மருத்துவக் கருவிகளுக்கும் அனுமதி தரும் அமைப்பான எஃப்டிஏ 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. இன்சுலின் போடுகிறவருக்குத் தவறான எண் ஆபத்தானது. அதை நம்பி டோஸைக் கூட்டினால் சுகர் அதலபாதாளத்துக்கு இறங்கிவிடும்.

நீங்கள் படித்தது உண்மைதான். ஆனால் அந்தச் சென்சாரில் ஒளிர்வது சர்க்கரை அல்ல. குளுக்கோஸுக்கு நிறமும் கிடையாது, கண்ணுக்குத் தெரியும் ஒளியில் ஒளிர்வும் கிடையாது. அதனால் நடுவில் ஒரு தரகரை வைக்கிறார்கள். போரான் என்ற தனிமம் உள்ள போரானிக் அமிலம் கோத்த சாய மூலக்கூறு அது. குளுக்கோஸ் இல்லாதபோது, சாயத்துக்குப் பக்கத்திலிருக்கும் நைட்ரஜனின் எலக்ட்ரான்கள் அதன் ஒளிர்வை அணைத்துவிடும். குளுக்கோஸ் வந்து போரானைப் பற்றிக்கொண்டால் அந்த அணைப்பு தளர்ந்து சாயம் ஒளிரும். ஜப்பானில் வேதியியலாளர்கள் ஷின்காயும் டோனி ஜேம்ஸும் 1990களில் இதைச் செய்துகாட்டினார்கள். எலக்ட்ரானை வைத்து ஒளிர்வை அணைத்து ஏற்றும் இந்தத் தத்துவத்தை வளர்த்தவர்களில் முக்கியமானவர் கொழும்பிலிருந்து வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் போன வேதியியலாளர் ஏ. பி. டி சில்வா. அவரைப் பற்றித் தமிழில் யாராவது விரிவாக எழுத வேண்டும்.

போரானிக் அமிலத்தை டவுன் பஸ் இருக்கை என்று வைத்துக்கொள்ளுங்கள். குளுக்கோஸ் ஏறி உட்காரும், இறங்கும். எத்தனை இருக்கை நிறைந்திருக்கிறது என்பதிலிருந்து ஊரில் கூட்டம் எவ்வளவு என்று ஊகிக்கிறோம். எல்லா இருக்கையும் நிறைந்தபின் வரும் கூட்டம் கணக்கில் தெரியாது, ஆகவே மிக உயர்ந்த அளவுகளில் நுணுக்கம் குறையும். இன்றைய ஒட்டும் சென்சார்களில் இருப்பது நொதி, அதாவது என்சைம். அது குளுக்கோஸைச் சிதைத்து, அதில் பிறக்கும் மின்னோட்டத்தை அளக்கிறது. சாயம் எதையும் சிதைப்பதில்லை. நீண்ட நாள் உழைக்கும் என்ற எதிர்பார்ப்பு அதனால் வந்தது.

ஒளியிழை வெறும் பாதைதான். போகும் ஒளியும் திரும்பும் ஒளியும் அதில் பயணிக்கின்றன, வேதியியல் எல்லாம் அதன் நுனியில் நடக்கிறது. 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஜெரோம் ஷுல்ட்ஸ் அமைத்த நுனி எனக்கு மிகவும் பிடிக்கும். உள்ளீடற்ற சவ்வுக் குழாயின் சுவரில், அவரைக்காய்க் குடும்பத்து விதையொன்றிலிருந்து எடுத்த கான்கனவாலின் என்ற புரதத்தைப் பூசினார். ஒளிரும் சாயம் ஏற்றிய டெக்ஸ்ட்ரான் என்ற நீளமான சர்க்கரைச் சங்கிலி அதில் ஒட்டியிருக்கும். குளுக்கோஸ் கூடினால் டெக்ஸ்ட்ரானைத் தள்ளிவிட்டு அந்த இடத்தைப் பிடிக்கும். விடுபட்ட டெக்ஸ்ட்ரான் இழையின் வெளிச்சம் படும் நடுப்பகுதிக்கு வந்து ஒளிரும். எத்தனை அழகான சூழ்ச்சி! ஆனால் அந்தப் புரதம் உடலுக்குள் நீடிப்பதில்லை.

இழைக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரு முனை உடலுக்குள், மறுமுனை வெளியே. தீவிர சிகிச்சைப் பிரிவில் படுத்திருப்பவருக்கு ஏற்கெனவே ரத்தக் குழாயில் குழாய்கள் இருக்கும், அங்கே இது பொருந்தும். கலிபோர்னியாவின் குளுமெட்ரிக்ஸ் நிறுவனம் அதற்காகவே ஓர் இழைச் சென்சாரை உருவாக்கிச் சோதித்தது. நடமாடும் மனிதருக்குத் தோலில் நிரந்தரத் துளை என்றால் கிருமிக்கு வாசல் திறந்துவைத்தது போலாகும்.

அதனால்தான் சென்சியோனிக்ஸ் நிறுவனத்தின் எவர்சென்ஸ் என்ற சென்சார் இழையையே விட்டுவிட்டது. எல்இடி, ஒளியுணரி, சாயம் எல்லாம் இரண்டு சென்டிமீட்டருக்கும் குறைவான ஒரு சிறு உருளைக்குள் அடக்கம். அமெரிக்காவில் 2018இல் 90 நாளுக்கும், 2022இல் 180 நாளுக்கும், 2024இல் ஓராண்டுக்கும் அனுமதி கிடைத்தது. இதுவும் ஊசிக்குத் தப்பவில்லை. டாக்டர் மேற்கையில் சிறு கீறல் போட்டு உள்ளே வைக்க வேண்டும், மேலே ஒரு கருவியை ஒட்டிக்கொள்ள வேண்டும், சரிபார்க்க அவ்வப்போது விரலில் குத்தியும் பார்க்க வேண்டும். உடல் அந்நியப் பொருளைச் சும்மா விடாது. ஹைட்ரஜன் பெராக்சைடைச் சுரந்து போரானிக் அமிலத்தை அரிக்கும், சுற்றிலும் நார்த்திசுவால் மூடும். வீக்கத்தை அடக்க அதிலேயே கொஞ்சம் ஸ்டீராய்டு வைத்திருக்கிறார்கள். டெட்ராசைக்ளின் வகை ஆன்டிபயாடிக் சாப்பிட்டால் இதன் அளவீடு தவறலாம்.

டோக்கியோவில் தகேயுச்சி என்ற ஆய்வாளரின் குழு ஒளிரும் ஜெல் இழையை எலியின் காதில் வைத்து, தோலுக்கு வெளியிலிருந்தே ஒளிர்வைப் படித்தது. 140 நாள் வரை வேலை செய்ததாக 2011இல் வெளியிட்டார்கள். ஆனால் எலியின் காது மெல்லியது, நம் கை அப்படியில்லை.

அம்மாவின் சென்சாரை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். டோஸ் மாற்றும் சமயங்களில் மட்டும் சென்சார், மற்ற நாட்களில் குளுக்கோமீட்டர் என்று வைத்துக்கொள்ளலாமா என்று அவருடைய டாக்டரிடம் கேளுங்கள். இரவில் சுகர் இறங்குவதுண்டு என்றால் அதை முதலில் சொல்லுங்கள், டாக்டரின் பதில் அதைப் பொறுத்து மாறும்.