ஐ.நா.வில்தான் வேலை பார்ப்பேன் என்கிறாள் மகள், என்ன படிக்க வைப்பது?

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. மாசாலும் நச்சாலும் வரும் நோய்களைத் தடுக்க நாடுகள் கூடி எடுக்கும் முயற்சிகளில்தான் வேலை பார்ப்பேன் என்று மகள் பிடிவாதமாக இருக்கிறாள். “இது வேலையா, சேவையா, சம்பளம் வருமா?” என்று நீங்கள் கேட்கிறீர்கள். வேலைதான், சம்பளமும் உண்டு. ஆனால் பட்டம் வாங்கிய கையோடு கிடைக்கிற வேலை இல்லை. அதனால் முதல் பட்டத்தை யோசித்து எடுக்க வேண்டும்.

சுற்றுச்சூழல், பொருளாதாரம், சமூகம் என்று எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் தொடும் ‘நிலைத்த வளர்ச்சி’ என்றே ஒரு இளநிலைப் படிப்பு இருப்பதாகவும் அதில் சேரத் துடிப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். என்னைக் கேட்டால் இப்போது வேண்டாம். முதுநிலையில் படித்துக்கொள்ளட்டும். ஏன் என்று சொல்ல, கொஞ்சம் பழைய கதைக்குப் போக வேண்டும்.

1956 ஏப்ரலில் ஜப்பானின் மினமாட்டாவில், நடக்கவும் பேசவும் தடுமாறிய ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தியை மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார்கள். அதேபோல் இன்னும் பலர் வந்தார்கள். ரசாயன ஆலைக் கழிவில் இருந்த மெத்தில் பாதரசம் என்ற நச்சுப்பொருள் கடலில் கலந்து, மீன் வழியாக அவர்கள் உடம்புக்குள் போயிருந்தது. அதுதான் காரணம் என்று அரசு ஒப்புக்கொள்ள 1968 ஆனது. பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் உலக உடன்படிக்கை, அந்த ஊரின் பெயரோடு, 2013இல்தான் வந்தது. நடைமுறைக்கு வந்தது 2017இல்.

இவ்வளவு காலமும் இதில் உழைத்தவர்கள் யார் யார் என்று பார்த்தால் உங்கள் கேள்விக்குப் பாதி பதில் கிடைத்துவிடும். உடம்பில் உள்ள பாதரசம் தலைமுடியிலும் சேரும், முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளரும். தோலை ஒட்டி வெட்டிய முடியைத் துண்டு துண்டாக்கிச் சோதித்தால், எந்த மாதத்தில் உடம்பில் எவ்வளவு பாதரசம் இருந்தது என்று தோராயமாகச் சொல்லிவிடலாம். இது வேதியியல் படித்தவரின் வேலை. அந்த அளவையும் நோயையும் ஊர் முழுக்க ஒப்பிட்டுப் பார்ப்பவர் நோய்ப்பரவலியல் நிபுணர். அப்புறம் வழக்கறிஞர்கள் வருகிறார்கள். பேச்சுவார்த்தை வரைவில், உடன்பாடு எட்டாத சொற்களை அடைப்புக்குறிக்குள் போட்டு வைப்பார்கள். ‘செய்தாக வேண்டும்’ என்று எழுதுவதா, ‘செய்வது நல்லது’ என்று எழுதுவதா என்பதற்காக நள்ளிரவு தாண்டியும் வாதாடுவார்கள். வெளியிலிருந்து பார்த்தால் சிரிப்பு வரும். ஆனால் முதலாவது சொல் நாட்டைக் கட்டுப்படுத்தும், இரண்டாவது கட்டுப்படுத்தாது.

கையெழுத்தான பிறகும் வேலை முடிவதில்லை. உலகில் காற்றில் கலக்கும் பாதரசத்துக்கு மிகப் பெரிய காரணம், கையால் தங்கம் எடுக்கும் சிறு சுரங்கங்கள். தங்கத்தைப் பிரிக்கப் பாதரசம் கலக்கிறார்கள், பிறகு அதைச் சூடாக்கி ஆவியாக்குகிறார்கள். சட்டம் போட்டு ஒரே நாளில் நிறுத்தினால் அந்தக் குடும்பங்கள் சாப்பாட்டுக்கு எங்கே போகும்? அதனால்தான், இத்தகைய சுரங்கங்கள் குறிப்பிடத்தக்க அளவில் உள்ள நாடுகள் தேசியச் செயல்திட்டம் போட வேண்டும், அதில் தொழிலாளர்களின் உடல்நலத்துக்கும் வழி சொல்ல வேண்டும் என்று உடன்படிக்கை கேட்கிறது. பொருளாதாரமோ சமூகவியலோ படித்தவருக்கு இங்கே நிறைய வேலை.

இப்படிப்பட்ட பேச்சுவார்த்தைக் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும் ஒவ்வொருவர் கையிலும் உருப்படியாக ஒரு துறை இருக்கிறது. எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் தெரிந்தவரை அங்கே யாரும் தேடுவதில்லை. வேதியியல், நச்சியல், பொது சுகாதாரம், சுற்றுச்சூழல் பொறியியல், சட்டம், பொருளாதாரம், புள்ளியியல் என்று ஏதாவது ஒன்றில் அவள் முதலில் காலூன்றட்டும்.

இனி நீங்கள் கவலைப்படும் விஷயங்கள். ஐ.நா.வின் தொடக்கநிலை அலுவலர் பணிக்குப் பெரும்பாலும் முதுநிலைப் பட்டமும் இரண்டு வருட அனுபவமும் கேட்பார்கள். இளம் அலுவலர்களுக்கென்று தனித் தேர்வு ஒன்று உண்டு. அதற்கு இளநிலைப் பட்டமே போதும், வயது 32க்குள் இருக்க வேண்டும். ஆனால் எந்தெந்த நாட்டினர் எழுதலாம் என்பது வருடத்துக்கு வருடம் மாறும். அதை மட்டும் நம்பித் திட்டம் போடாதீர்கள். ஐ.நா. செயலகத்தில் இன்டர்ன்ஷிப்புக்குச் சம்பளம் கிடையாது. ஜெனீவாவிலோ நியூயார்க்கிலோ மாதக்கணக்கில் தங்கும் செலவு உங்கள் தலையில்தான் விழும். உலக சுகாதார நிறுவனம் உதவித்தொகை தருகிறது, அதனால் அதை முதலில் பார்க்கலாம்.

இன்னொன்றையும் மறைக்க விரும்பவில்லை. இந்த வேலைகளில் பல, திட்டத்துக்குப் பணம் இருக்கும் வரைதான். 2025இல் அமெரிக்கா விலகுவதாக அறிவித்ததைத் தொடர்ந்து உலக சுகாதார நிறுவனத்திலேயே ஆட்குறைப்பு நடந்தது. கையில் ஒரு துறை இருப்பவர் இப்படிப்பட்ட நேரத்தில் ஆய்வகத்துக்கோ பல்கலைக்கழகத்துக்கோ மாறிக்கொள்வார். அதோடு, பேச்சு ஜெனீவாவிலும் நைரோபியிலும் நடந்தாலும், அதைச் செய்து காட்டும் வேலை அந்தந்த நாட்டு அமைச்சகங்களிலும் மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகங்களிலும்தான் நடக்கிறது. ஆட்களும் அங்கேதான் அதிகம் தேவை. மகளிடம் இதைச் சொன்னால் முகம் கொஞ்சம் வாடும். பரவாயில்லை, சொல்லிவிடுங்கள்.

சரி, எந்தத் துறை? அதை நீங்களும் நானும் முடிவு செய்ய வேண்டாம். மினமாட்டா உடன்படிக்கையின் முழு வாசகமும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதை அச்செடுத்துக் கையில் பென்சிலோடு ஒரு வாரம் படிக்கச் சொல்லுங்கள். மனதில் கேள்வி எழும் இடத்திலெல்லாம் ஓரத்தில் குறிக்கட்டும். ‘இதை எப்படி அளப்பார்கள்?’ என்று அதிகம் கேட்டிருந்தால் வேதியியல் பக்கம் பார்க்கலாம். ‘மீறினால் யார் தட்டிக் கேட்பார்கள்?’ என்றால் சட்டம். ‘செலவுக்கு யார் பணம் தருவார்கள்?’ என்றால் பொருளாதாரம். பத்துப் பக்கத்திலேயே சலித்துவிட்டால் அதையும் ஒளிக்காமல் எழுதச் சொல்லுங்கள்.

குறித்த தாள்களை அவளே எனக்கு அனுப்பட்டும். அதுவரை விடுமுறையில் பிரெஞ்சு வகுப்பில் சேர்த்துவிடுங்கள். ஆங்கிலத்தோடு இன்னொரு ஐ.நா. மொழி தெரிந்தால் விண்ணப்பத்தில் கை கொடுக்கும்.